கதவில்லாத கசற் செற்

சாமான் பழுதாகினால் எங்கள் பக்கத்து ஆட்கள் அதை வெறும் பழுது என்று சொல்லமாட்டார்கள். ஏதாவது ஒரு வருத்தத்தைச் சொல்லித்தான் கொண்டுவருவார்கள். காற்றாடிக்கு மூட்டு வாதம். கிறைண்டருக்கு இழுப்பு. கிண்ணியாவிலிருந்து ஒருவர் சோறு சமைக்கிற மின்சாரப் பானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, “இதுக்குக் கொஞ்ச நாளாப் பசியில்லை” என்றார். இந்தக் கதைகளைக் கேட்கத்தான் நான் இந்தத் திருத்து வேலையை விடாமல் வைத்திருக்கிறேன் என்று என் மனைவி சொல்லுவாள். அதில் பொய்யில்லை.

என் உத்தியோகம் வேறு. உள்துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல். விடிந்ததும் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்து, விறாந்தையில் மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். படுக்க வேண்டிய நேரம் அது. ஆனால் விடியற்காலையில் வருகிற நித்திரையை ஒருதரம் தட்டிக்கழித்தால் பிறகு அது நம்மை மதிக்காது. அதனால் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவேன். யாரும் எனக்கு இதைப் பழக்கவில்லை. என் வீட்டு றேடியோக்களைக் கழற்றிக் கெடுத்துக் கெடுத்துப் படித்த படிப்பு.

சல்லியிலிருந்து அந்த அக்கா வந்தது அப்படியொரு காலையில். அவரைச் சந்தைப் பக்கம் கருவாட்டுக் கூடையோடு கண்டிருக்கிறேன். சூடைக் கருவாடு அவரிடம்தான் வாங்குவேன், நிறுவையில் கொஞ்சம் கூடப் போட்டு, “அது என்ர கை நடுங்கினது” என்று சொல்லுவார். அன்றைக்குக் கூடை இல்லை. உரப்பை ஒன்றை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்திருந்தார். பையின் வாயை அவிழ்த்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார்.

“தம்பி, இதுக்கு வாய் கட்டிப்போச்சு.”

பழைய கசற் செற். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கசற் போடுகிற இடம், மேலே தூக்கிக்கொண்டு போகக் கைபிடி. ஒரு காலத்தில் வெள்ளி நிறமாக இருந்திருக்கும். இப்போது விளிம்புகளில் மட்டும் கொஞ்சம் மினுக்கம். கைபிடியை வலை நூலால் வரிந்து கட்டியிருந்தது. அன்ரெனா இருந்த இடத்தில் சைக்கிள் கம்பி ஒன்று நின்றது. கசற்றை மூடுகிற கதவு இல்லை. திறந்த வாயாக இருந்தது.

செற்றின் பின் மூடியைக் கழற்றியதும் மணல் கொட்டியது. அதோடு ஒரு காறல் மணம்.

“அக்கா, எண்ணெய் விட்டீங்களோ?”

“விட்டனான். இறுகினா எண்ணெய்தானே விடுறது.”

“என்ன எண்ணெய்?”

“என்ன கேள்வி தம்பி இது? தேங்காயெண்ணெய். தையல் மெசினுக்கும் அதுதான், கதவுப் பிணைச்சலுக்கும் அதுதான், உங்கட அண்ணையின்ர காலுக்கும் அதுதான்.”

தேங்காயெண்ணெய் விட்ட மெசின்களைத் துடைத்தே என் வயதில் பாதி போயிருக்கும். விட்ட அன்றைக்கு வழுக்கும், பிறகு மண்ணோடும் தூசோடும் சேர்ந்து பிசினாகிவிடும். இதிலும் மோட்டார் அச்சு பிசினில் ஒட்டிக்கொண்டு நின்றது. மின்சாரம் வருகிற பித்தளைத் தகடுகளை உப்புக்காற்று தின்று பச்சை பூக்க வைத்திருந்தது. அதுதான் வாய் கட்டினதன் காரணம். மோட்டாரோடு சேர்ந்து கசற்றின் சில்லைச் சுற்றுகிற றப்பர் பெல்ட் தொய்ந்துபோய்க் கிடந்தது, ஆனால் அறவில்லை.

“இதைத் திருத்துறதிலும் பார்க்க ஃபோனில பாட்டுக் கேக்கலாமே, அக்கா” என்றேன். நித்திரை முட்டுகிற நேரத்தில் எனக்கு இப்படி ஒரு சோம்பல் கதை வரும்.

அவர் கோபிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

அண்ணன் என்று அவர் சொன்னது தன் கணவரை. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுத்த ஆள். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்லக் கொஞ்சம் திரும்பியது. பேச்சுத் திரும்பவில்லை. ஒரேயொரு சொல் மட்டும் வாயில் மிஞ்சியது: “பின்னென்ன.” பசித்தாலும் பின்னென்ன, கோபம் வந்தாலும் பின்னென்ன, மூத்திரத்துக்குப் போகவேண்டுமென்றாலும் அதுதான். எந்தப் பின்னென்னவுக்கு எது என்று அக்கா முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்கட்டும் என்று அவர் பழைய கசற் ஒன்றைப் போட்டிருக்கிறார். அது கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா. ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிற மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லி இழுப்பார்கள். இந்தச் செற்றைக் கரையில் வைத்து இவர்களே பதிந்தது. கசற்றில் அடி எடுத்துக் கொடுத்ததும், கதிரையில் இருந்த மனுசன் வாயைத் திறந்து “ஏலேலோ” என்று பதில் சொல்லியிருக்கிறார். முழுச் சொல். குழறல் இல்லாமல்.

“பாட்டு முடிஞ்ச பிறகு கொஞ்ச நேரத்துக்கு வாய் திறந்திருக்கும், தம்பி. தண்ணி எண்டுவார். கால் நோகுது எண்டுவார். என்னைக் கூப்பிடுவார்.”

“என்னெண்டு கூப்பிடுவார்?”

“கட்டின நாளில இருந்து ஒரே கூப்பிடுதான். இஞ்சேர் எண்டு.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். “செற் நிண்டதில இருந்து அதுவும் இல்லை.”

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளையும் பாட்டை விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பாட்டு மூளையில் வேறு ஒரு பக்கத்தால் வருகிறதாம், விட்டால் அந்த வழியும் தூர்ந்துபோகலாமாம்.

“நீங்களே எடுத்துக் குடுத்துப் பாக்கலாமே, அக்கா?”

“பாத்தனான். நான் எடுத்தா மனுசன் சிரிக்குது. பதில் வரேல்லை.”

“கசற்றில எடுத்துக் குடுக்கிறவர்?”

“அது இவற்ற பெரியண்ணன். கட்டைபறிச்சானில மகளோட இருக்கிறார். ஃபோனில கேட்டனாங்கள். எந்தப் பாட்டு எண்டு கேக்கிறார். வயசு போட்டுது, எல்லாம் மறந்துபோனார்.”

எழும்பும்போது அக்கா இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் அவர் முதலில் சொல்ல நினைத்திருக்க வேண்டும், வெட்கத்தில் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்.

“வடிவாத் திருத்தித் தாங்கோ, தம்பி. முந்தி நான் பக்கத்தில இருந்தால்தான் அவர் பாடுறவர். எழும்பினா நிப்பாட்டிப்போடுவார். என்ர முகம் தெரியவேணுமாக்கும். செற் நல்லா, சத்தமாப் பாடினால் என்னைத் தேடமாட்டார். நான் வெளியில கருவாட்டைத் திருப்பிப் போட்டிட்டு வந்து ஒருக்காச் சரியலாம். ஒரு கண் மூடலாம். அவ்வளவுதான்.”

கசற்றைத் தந்துவிட்டுப் போகச் சொன்னேன், போட்டுப் பார்க்க. தரவில்லை. “செற் போனா வேற செற் வாங்கலாம்” என்று சொல்லி உரப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்தச் செற்றோடு பல காலைகள் போயின. உப்பைத் தட்டி, பழைய ரூத் பிறஷ்ஷில் ஸ்பிரிட் நனைத்துப் பிசினைக் கரைத்தேன். மோட்டார் முதலில் முனகியது, பிறகு சுற்றியது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு கண் மூடலாம் என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை. நித்திரை இல்லாத ஆளுக்கு இன்னொரு நித்திரை இல்லாத ஆளைக் கண்டால் வருகிற ஒட்டுதல் அது. அதனால் கொழும்பிலிருந்து தபாலில் புது பெல்ட் எடுப்பித்தேன். என் கட்டிலுக்கடியில் கிடந்த செத்துப்போன செற் ஒன்றிலிருந்து கசற் கதவைக் கழற்றி, அரத்தால் ஓரங்களை உராய்ந்து, இதற்குப் பொருத்தினேன். சைக்கிள் கம்பியை எடுத்துவிட்டு உண்மையான அன்ரெனா போட்டேன். வெளியை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்தேன். கதவை விட்டால் அது தானாக, அவசரமில்லாமல் வந்து மூடிக்கொள்ளும். அந்த மூடுகையைப் பார்க்க நான் திரும்பத் திரும்பத் திறந்துவிட்டேன்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

“அது கண் மூடுது. நீங்கள் எப்ப மூடப் போறியள்?”

என்னிடம் இருந்த கசற் ஒன்றைப் போட்டு, மோட்டாரின் பின்னால் இருக்கிற சின்னத் திருகாணியால் வேகத்தைச் சரிபார்த்தேன். குரல் மெலியவுமில்லை, தடிக்கவுமில்லை. அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன், நானே கொண்டுவருகிறேன் என்று. முதல்தரம் வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கணவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தவர், அடிக்கடி அப்படிக் கேட்க ஏலாது.

அந்த வார ஓய்வு நாளில் போனேன். நிலாவெளி பஸ்ஸில் நெரிசல். செற்றை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். வாங்கில் இருந்த ஒருவர், “பழைய காதலியோ?” என்று கேட்டார். “ஆரோ ஒருவற்ற காதலி, கொண்டுபோய் விடப் போறன்” என்றேன். சிரித்துவிட்டு இடம் தந்தார். சாம்பல்தீவுச் சந்தியில் இறங்கி நடந்தேன். வெயிலும் செற்றின் பாரமும் சேர்ந்து, கோயிலைத் தாண்டும்போது கை மரத்துவிட்டது.

முற்றத்தில் கம்பி வலை தட்டுகளில் சூடை காய்ந்தது. விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில் அண்ணன் இருந்தார். நல்ல உயரம், தோள் மட்டும் இன்னும் வலைக்காரத் தோள். வலக்கை மடியில் ஒரு சாமானைப் போலக் கிடந்தது. என்னைப் பார்த்து, பிறகு செற்றைப் பார்த்து, “பின்னென்ன” என்றார். அது வாருங்கள் என்பதாகத்தான் எனக்குப் பட்டது.

அக்கா செற்றைக் கண்டதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “இது எங்கட செற்றோ? கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்குது.” கதவை ஒருதரம் திறந்துவிட்டு, அது தானாக மூடுவதைப் பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்து துணியில் சுற்றிய கசற்றை எடுத்து வந்து போட்டார். போட்டதும், நான் எதிர்பார்த்தபடியே, கருவாட்டுப் பக்கம் போக ஓரடி வைத்தார்.

அலைச் சத்தம் வந்தது. காற்று ஒலிவாங்கியில் மோதுகிற சத்தம். பிறகு பெரியண்ணனின் குரல், ஓர் அடியை எடுத்துக் கொடுத்தது. கதிரையில் இருந்தவர் நிமிர்ந்தார். வாய் திறந்தது. “ஏ” என்பதற்குள் கசற்றில் இருந்தவர்கள் பதிலைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அடுத்த அடி. மறுபடியும் வாய் பிந்திவிட்டது. போகப் போகப் பாட்டுக்கு வேகம் கூடியது, குரல்கள் மெலிந்து சிறுபிள்ளைக் குரலாகின. அண்ணன் இரண்டு மூன்று இடத்தில் எட்டிப் பிடிக்கப் பார்த்தார். பிறகு இடக்கையால் கதிரைக் கையில் ஓங்கி ஒரு குத்து. வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் மூடிய விதத்தைப் பார்த்து நானே பயந்தேன்.

அக்கா ஓடிவந்து பக்கத்தில் குந்தினார். முகத்தைக் காட்டினார். “இஞ்ச பாருங்கோ, நான் இருக்கிறன். பாடுங்கோ.” கசற்றைத் திருப்பி முதலிலிருந்து போட்டார். அண்ணன் மறுபக்கம் பார்த்தபடி இருந்தார்.

“போச்சு, தம்பி” என்றார் அக்கா. “இவ்வளவு நாளும் பாடாம விட்டதில தூர்ந்துபோச்சு. அந்தப் பிள்ளை சொன்னதுதானே.”

அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும்தானே. எழும்பிப் போய்க் கருவாட்டைத் திருப்பத் தொடங்கினார், ஒவ்வொன்றாக, அந்த வேலை இன்றைக்கு முடியவே வேண்டாம் என்பதைப் போல.

நான் செற்றோடு தனியாக இருந்தேன். கையோடு கொண்டுபோன என் கசற்றைப் போட்டுப் பார்த்தேன். வேகம் சரி. பிழை கசற்றில்தான் என்று விளங்கியது, ஆனால் அதே கசற்றுக்குத்தானே இந்த மனுசன் முன்பு பாடியிருக்கிறார்? நித்திரை காணாத மூளை ஓரிடத்திலேயே நின்று சுற்றியது. அண்ணன் என்னைப் பார்த்து “பின்னென்ன” என்றார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அக்கா கை கழுவி, எனக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, மனம் கேட்காமல் மறுபடியும் செற்றுக்கு முன்னால் குந்தினார். கசற்றைப் போட்டார். கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய வலக்கைப் பெருவிரலைக் கண்டேன். அது செற்றின் கதவில், பளிங்குமாதிரித் துடைத்து வைத்த பிளாஸ்டிக்கில், அழுத்திக்கொண்டு நின்றது. அழுத்தி வழுக்கியது, மறுபடி போய் அதே இடத்தில் அழுத்தியது. கதவில் விரலின் ஈர அடையாளம்.

“அக்கா, அந்த விரல் அங்க என்ன செய்யுது?”

அவர் தன் விரலைத் தானே முதல்தரம் பார்ப்பதைப் போலப் பார்த்தார். “தெரியாது. அது முந்தியும் அங்கதான் கிடக்கும்.”

“முந்திக் கதவில்லையே. விரல் எதில கிடந்தது?”

“கசற்றுக்குள்ள சுத்துற சில்லில. சும்மா தொட்டுக்கொண்டிருப்பன்.”

“அமத்திப் பிடிப்பீங்களோ?”

“பிடிக்கிறேல்லை, தம்பி. சும்மா… அவற்ற வாயைப் பாத்துக்கொண்டு…” என்றவர் நிறுத்திவிட்டார்.

அந்தக் கசற்றை எப்படிப் பதிந்தீர்கள் என்று கேட்டேன். கடைகளில் பற்றரி கிடைக்காத காலம் அது. இளைத்த பற்றரிகளைத் தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்துச் சூடாக்கி, கொஞ்சம் உயிர் வந்ததும் செற்றில் போட்டுப் பதிந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். சூடு ஆற ஆறப் பற்றரி இளைக்கும், மோட்டார் மெல்லச் சுற்றும். மெல்லச் சுற்றிக்கொண்டு பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் பாட்டு ஓட்டம் பிடிக்கும், முடிவை நெருங்க நெருங்க இன்னும் கூட. அக்கா இவ்வளவு காலமும் பெருவிரலால் அந்தச் சில்லைப் பிடித்துப் பாட்டைக் கணவரின் வாய்க்கு ஏற்ற நடைக்குக் கொண்டுவந்திருக்கிறார். தொய்ந்த பெல்ட்டும் அதற்கு வழிவிட்டிருக்கிறது. நான் புது பெல்ட்டை இறுக்கிப் போட்டு, விரல் போன வழியில் ஒரு கதவையும் போட்டு அடைத்துவிட்டேன்.

இதை நான் விளங்கப்படுத்தியபோது அக்கா தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

“அப்ப இவ்வளவு நாளும் நீர் என்ர முகத்துக்குப் பாடேல்லை. விரலுக்குத்தான் பாடியிருக்கிறீர்.”

“பின்னென்ன” என்றார் அண்ணன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் முதல் சிரிப்பு.

பழையதை நான் எறிகிற ஆள் இல்லை. அதற்காக மனைவியிடம் நான் வாங்காத பேச்சில்லை. அந்தத் தொய்ந்த பெல்ட், நான் கொண்டுவந்த ஸ்குரூ டிரைவர்ப் பையில், மாத்திரை டப்பா ஒன்றுக்குள் சுருண்டு கிடந்தது. முற்றத்து வேம்பின் கீழ்ப் பாயைப் போட்டு, செற்றைக் குப்புறப் படுக்க வைத்து, திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன். பூட்டும்போது இருந்த உசார் கழற்றும்போது இருக்காது. கண்ணுக்குள் மணல் விழுந்ததைப் போல உறுத்தியது. ஒரு திருகாணி கைதவறி மணலில் விழுந்து, அதைத் தேட அரைவாசி மாலை போனது. புது பெல்ட்டைக் கழற்றிப் பழையதைப் போட்டேன். கடைசியாக, உராய்ந்து உராய்ந்து பொருத்திய அந்தக் கதவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

செற் மறுபடியும் திறந்த வாயாக நின்றது.

அக்கா குந்தினார். கசற்றைப் போட்டார். பெருவிரல் உள்ளே போனது. அலை, காற்று, பெரியண்ணனின் குரல் தடித்துத் தாழ்ந்து வந்தது. அண்ணன் நிமிரவில்லை, எங்களை நம்பவில்லை. அடுத்த அடி. விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. குரல் கயிற்றைப் போல இழுபட்டு நின்றது, ஒருவருக்காகக் காத்து நிற்கிற மாதிரி. அந்த இடைவெளிக்குள் கதிரையிலிருந்து வந்தது.

“ஏலேலோ.”

அடுத்த அடிக்கும் வந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும். அவருடைய நல்ல கை கதிரைக் கையைப் பிடித்து இழுத்தது, கயிறு அங்கே இருந்ததைப் போல. அக்காவின் கண் அவருடைய உதட்டிலிருந்து அசையவேயில்லை. பக்கம் முடிந்து பட்டன் தானாக எகிறியதும், அண்ணன் களைத்துச் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி” என்றார். அக்கா கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு “இஞ்சேர்” என்றார். வேறொன்றும் சொல்வதற்கில்லை, கூப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். அக்கா செம்பை வாங்கிக்கொண்டு, “ஓம், இருக்கிறன்” என்றார்.

நல்லது என்று நான் பையைக் கட்டினேன். ஆனால் அக்கா முற்றத்துத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலையில் விளங்கிவிட்டது. அவர் என்னிடம் வந்தது இதற்கு மட்டுமல்ல. ஒரு கண் மூடலாம் என்று வந்தவர். அந்தக் கதவோடு அதையும் நான் கழற்றிவிட்டேன்.

“அக்கா, வெளியில ஒரு திருகு வைச்சுத் தரலாம். அதைத் திருப்பினா வேகம் குறையும், கூடும். விரல் நோகாது.”

“அந்தத் திருகையும் ஆரோ திருப்பத்தானே வேணும், தம்பி.”

பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது. நீங்கள் விரல் வைத்துப் பாட்டை ஓடவிடுங்கள், அதை நான் என் ஃபோனில் பதிகிறேன், பிறகு ஃபோன் தானாகவே அந்த வேகத்தில் பாடும். மற்றப் பக்கத்தைப் போட்டுப் பதிந்தோம். அண்ணன் இளைப்பாறிய பிறகு ஃபோனைப் பக்கத்தில் வைத்தோம். தொடக்கத்து அடிகளுக்குப் பதில் வந்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். பிறகு ஓரிடத்தில் அவருக்கு இருமல் வந்தது. ஃபோன் இருமலுக்கு நிற்குமா? அது போய்விட்டது. அவர் எட்டிப் பிடிக்கப் பார்த்துப் பிந்தி, இடக்கையால் கதிரையில் குத்தினார்.

“ஒரு நாளைக்கு ஒரு வாய், தம்பி” என்றார் அக்கா. “சில நாளைக்குக் கெதியா வரும். மழைக் குணமெண்டா அறவே வராது, விரலால இழுத்துக்கொண்டே இருக்கவேணும்.” சொல்லிவிட்டு, எனக்குத்தான் ஆறுதல் தேவை என்பதைப் போல, “பரவாயில்லை, செற் பாடுதுதானே” என்றார். கருவாட்டில் ஒரு பொதி கட்டித் தந்தார். அன்றைக்கும் அவருடைய கை நடுங்கியிருந்தது.

திரும்பி வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கருவாட்டை மணந்து பார்த்துவிட்டு, “நல்லாக் காய்ஞ்சிருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்களுக்குப் பெருவிரல் இல்லையோ?” என்றாள்.

அடுத்த ஓய்வு நாளில் பையில்லாமல் போனேன். வெளிக்கிடும்போது மனைவி வாசலில் நின்று, “வீட்டில நித்திரை கொள்ளாதவர், ஊருக்கு நித்திரை குடுக்கப் போறார்” என்றாள். கோபமில்லை, அவளுடைய ஆசீர்வாதம் அப்படித்தான் வரும்.

அண்ணன் அதே கதிரையில் இருந்தார். அக்கா பாட்டைத் தொடங்கினார். சில அடிகள் போனதும் நானும் பக்கத்தில் குந்தி, அவர் விரலை எடுக்கிற கணத்தில் என் விரலை வைத்தேன். சில்லு என் தோலில் அரித்துக்கொண்டு சுற்றியது. கொஞ்சம் கூட அழுத்திவிட்டேன், பெரியண்ணன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற பூதமானார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல ஏலாது.

“விரலைப் பாக்காதேங்கோ, தம்பி. வாயைப் பாருங்கோ” என்றார் அக்கா.

வாயைப் பார்த்தேன். ஒரு மனிதரின் உதட்டை அவ்வளவு நேரம் நான் பார்த்ததேயில்லை. பதில் வருவதற்கு முன்னால் கீழுதடு ஒரு பக்கம் சின்னதாக இழுக்கும். அந்த இழுப்பில் சில்லை விட்டால், குரலும் இவருடைய பதிலும் ஓரிடத்தில் வந்து சேரும். ஒன்றைத் தவறவிட்டேன், இரண்டைப் பிடித்தேன். அவர் பொறுத்துக்கொண்டு பாடினார்.

பக்கத்தில் சத்தமில்லை என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவரில் சாய்ந்தபடி நித்திரையாகியிருந்தார். வாய் கொஞ்சம் திறந்து, கை மடியில் மலர்ந்து கிடந்தது. பெருவிரலின் நுனியில் சில்லு தேய்த்த தழும்பு தெரிந்தது. வெளியே கருவாடு திருப்பாமல் காய்ந்துகொண்டிருந்தது.

பக்கம் முடிந்து பட்டன் எகிறியது. அந்தச் சத்தத்துக்கும் அவர் எழும்பவில்லை. அண்ணன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பாட்டு விட்டுப்போன அந்தத் திறந்த வாயால், சத்தமில்லாமல் சொல்லப் பார்க்கிறவரைப் போல, “இஞ்சேர்” என்றார்.

எழுப்புவதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு சொல்லுக்காகத்தானே அக்கா உரப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். இந்த நித்திரைக்காகவும்தான் வந்தார். நான் அவருடைய தோளைத் தொடப் போன கையை அண்ணன் இடக்கையால் தடுத்தார். பிறகு மறுபடியும், இன்னும் தாழ்வாக, “இஞ்சேர்.”

அக்கா கண் திறக்கவில்லை. நித்திரைக்குள்ளிருந்தே, “ம்… இருக்கிறன்” என்று சொல்லி, தலையைச் சுவரில் இன்னும் கொஞ்சம் சரித்துக்கொண்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். செற்றைக் கண்ணால் காட்டினார்.

“பின்னென்ன.”

கசற்றை எடுத்து மற்றப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, பெருவிரலை உள்ளே வைத்தேன்.